இதை எழுதினவருக்கும் கல்

கோட்டாறு ஸ்கேன் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கையால் இடுப்பைத் தாங்கி, மறுகையில் தடிப் புத்தகம் வைத்திருந்தார். வலி வந்தால் கண்ணை மூடுவார். விட்டதும் அதே வரியைத் தேடிப் படித்துச் சிரிப்பார். எனக்கோ சிறுநீரகத்தில் கல் என்று கேட்டதிலிருந்து சாவு நினைப்புதான்.

“அண்ணாச்சிக்கும் கல்லா?”

“ஆமா. இதை எழுதினவருக்கும் கல்லுதான். பிரான்ஸுக்காரரு. நானூறு வருசத்துக்கு முந்தி. இப்பம் தமிழ்ல வந்திருக்கு.”

“பொறவு சொகமாச்சா?”

“எங்க. வலி விட்டா எழுதுவாரு. பயத்தையும் மறைக்கல்ல, கேளும்.”

ஒரு பக்கம் வாசித்தார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்கியது. என் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாத பயம் அதில் அப்படியே இருந்தது.

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் பயம் அந்த பிரான்ஸுக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்து, ஸ்கேன் முடிந்து திரும்பி வந்தேன். அண்ணாச்சி போயிருந்தார். கல்லும் பிறகு போய்விட்டது. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.