பூகிஸ்காரர்களை அழைத்து வந்த கங்காணி

இன்று தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு லிங்கி ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்தில், கடலோடிகளான பூகிஸ் இனத்தின் பழைய குடும்பம் ஒன்று இருக்கிறது. "பிள்ளைகள் மரியாதையாக நடப்பார்கள்" என்று ரப்பர் தோட்டத் துரையிடம் வாக்குக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருந்தேன்.

வீட்டுக்கார அம்மாளை மலாயில் மக்சிக் என்போம்; அவர் எங்களை உட்காரவைத்து, மூதாதையரின் கிரிஸ் கத்தியைக் காட்டினார். அவர்கள் பாய்மரக் கப்பலில் கடல் தாண்டி வந்தவர்கள் என்று மலாயில் பெருமையோடு சொன்னார். அதை நான் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னேன்.

இரண்டாம் வகுப்பு அஞ்சலை எழுந்தாள். "வாத்தியாரையா, இவங்கள எந்தக் கங்காணி கூட்டிட்டு வந்தாரு?"

எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கங்காணி ஆள்பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள்; அவளுக்குத் தெரிந்தது அதுதான். வீரப் பரம்பரையிடம் கேட்கிற கேள்வியா இது? "கத்தி அழகாக இருக்கிறதாம்" என்று மலாயில் மாற்றிச் சொன்னேன்.

"அவ கேட்டது அது இல்லலா, வாத்தியார்!" என்றார் மக்சிக், தமிழில். எங்கள் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு முட்டை விற்க வந்து பழகிய தமிழாம்.

பிறகு அஞ்சலையிடம் திரும்பினார். "கங்காணி இல்ல, பிள்ள. அவங்களே வந்தாங்க."

"புடிக்கலேன்னா திரும்பிப் போயிடலாமா?"

"போலாம்லா. கப்பல் அவங்களோடதுதானே."

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வரும் வழியெல்லாம் ஒரே பேச்சு: சொந்தமாகக் கப்பல் கட்ட எத்தனை ரப்பர் மரம் வெட்ட வேண்டும்? வண்டியிலிருந்து இறங்கியதும் அதைக் கங்காணியிடமே போய்க் கேட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரிக்க நாளை காலை அவர் பள்ளிக்கு வருகிறாராம். என்ன சொல்லிச் சமாளிப்பது? யோசனை இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.