பாத்தியம் வந்த விதம்

வாஞ்சிநாதன் தென்காசி பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். சொத்து யாருடையது என்று யார் சொன்னாலும், அவர் கேட்கும் அடுத்த கேள்வி "எப்படி வந்தது?" என்பதுதான். கிரயமா, தானமா, உயிலா, பரம்பரையா? மகள் வீட்டோடு அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

லைப்ரரியில் வியாழக்கிழமைதோறும் கூடும் முதியோர் வரலாற்று வட்டத்துக்கு அவர்தான் குறிப்பேடு எழுதுகிறவர். அன்று பேச்சும் அவருடையது: இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் ஆட்சி கைமாறிய கதை. பெரிய அட்டையில் கட்டம் போட்டு, பெயர், வருஷம், கடைசியில் உரிமை எப்படி வந்தது என்பதற்கு, பத்திர பாஷையில் 'பாத்தியம் வந்த விதம்' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"632. நபிகள் காலமானதும், கூடியிருந்தவங்க அபூபக்கருக்குக் கை கொடுத்து ஏத்துக்கிட்டாங்க. நபிகளோட மருமகன் அலிதான் வந்திருக்கணும்னு சொல்றவங்க கட்சியைக் கீழே தனியா எழுதியிருக்கேன். 634. அபூபக்கர், உமர் பேரைச் சொல்லிட்டுப் போனார். 644. உமர் ஆறு பேரை நியமிச்சு, உங்களுக்குள்ள முடிவு பண்ணுங்கன்னார். உஸ்மான் வந்தார்."

"சுருக்கமாச் சொல்லுங்க சார். அப்பாவுக்கு அப்புறம் பிள்ளை. காபி ஆறுது," என்றார் ராமசுப்ரமணியன்.

வாஞ்சிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதான் இல்லைங்கிறேன்! அலி வரைக்கும் முதல் நாலு பேர்ல யாரும் முன்னவரோட பிள்ளை இல்ல. அலிக்கு அப்புறம் அவர் மகன் ஹசன் கொஞ்ச மாசம் இருந்தார். அதுவும் ஜனங்க கூடி ஏத்துக்கிட்டது. அவருக்கு அடுத்து வந்த முஆவியாதான், தான் உயிரோட இருக்கும்போதே மகனுக்காக வாக்கு வாங்கினார். 680-ல மகன் வந்தார். அங்கதான் கட்டம் மாறுது!"

நாற்பது நிமிஷம் பேசினார். இரண்டு பேர் தூங்கினார்கள்.

பிறகு தலைவர் வரதராஜா எழுந்தார். யாழ்ப்பாணத்து டாக்டர், வட்டத்தைத் தொடங்கியவர். "நான் வாற மாசம் டெக்சஸில பேர்லேண்டுக்கு மகளிட்டப் போறன். இனி என்ர மகன் ஷாந்தன் எல்லாம் பாப்பான்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

வாஞ்சிநாதன் அட்டையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். தொண்டை வற்றினதுதான் மிச்சம். ஷாந்தன் இங்கே வந்ததே மூன்று முறை. தேதி குறிப்பேட்டில் இருக்கிறது. நாலு வருஷமாக அறை பதிவு செய்வது, பேச்சாளர் பிடிப்பது எல்லாம் குமுதினி. தலைமை அவளுக்கல்லவா வரவேண்டும்?

"டாக்டர் சார், நம்ம விதிப்படி கை தூக்கித்தான் தேர்ந்தெடுக்கணும். நான் குமுதினியைச் சொல்றேன்."

"உதெல்லாம் தேவையே, வாஞ்சி? சரி, தூக்குங்கோவன்."

குமுதினி டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள். "ஐயோ அண்ணை, என்னை விடுங்கோ. ஷாந்தனே செய்யட்டும்."

முதலில் உயர்ந்த கை அவளுடையது. தூங்கினவர்களும் விழித்துத் தூக்கினார்கள்.

"இப்ப திருப்தியா சார்?" என்று காபியை நீட்டினார் ராமசுப்ரமணியன்.

வாஞ்சிநாதன் வாங்கவில்லை. குறிப்பேட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். 'தேர்தல்' என்று எழுத மனம் வரவில்லை. 'பரம்பரை' என்று எழுதினால் தூக்கிய கைகளை மறைத்த குற்றம்.

"அண்ணை, அடுத்த வியாழனுக்கும் ரெண்டு மணிக்கே ரூம் போடவா?" என்று கேட்டாள் குமுதினி, போனைத் தட்டிக்கொண்டே.

"புதுத் தலைவரைக் கேளும்மா!" என்று எரிந்து விழுந்துவிட்டு, எழுதினார்:

'தலைவர்: ஷாந்தன், வரவில்லை. பாத்தியம் வந்த விதம்: பதினொரு கைகள். தகப்பனார் அறையில் இருந்தார்.'