பொனட்டுக்குள் இரண்டு வயர்

இரண்டு வயர்த் துண்டுகளால் என் கணவரை இராணுவத்திடம் பறிகொடுக்கப் பார்த்தேன். வயர் அவருடையது. காருக்கு ஆசைப்பட்டது நான். ஆகவே குற்றத்தில் பாதி எனக்கும் உண்டு.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்கு அடியில் குண்டுப் பொதி ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போய் வருவதற்குள் எனக்குத் தினமும் உயிர் போய் வந்தது. "நகை வேணாம், சேலை வேணாம், ஒரு கார் வாங்கிக் குடுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கப் பொறியியலாளர். நான் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை. நான் முருங்கைக்காயைக் கையில் எடுத்ததும் கூடையில் போட்டுவிடுவேன். அவர் அதை முறுக்கி, வளைத்து, கடைக்காரரின் பொறுமையையும் சோதித்துவிட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்டவரோடு கார் பார்க்கப் போனேன்.

கலகெதரயில் ஒரு முதலாளி ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய கார்களை விற்றார். வெள்ளைக் கார் ஒன்று நின்றது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கணவருக்கு ஒரே கேள்வி: வால்வு திறந்து மூடும் நேரத்தை வேகத்துக்கு ஏற்பத் தானே மாற்றிக்கொள்ளும் என்ஜினா, இல்லையா? அந்த வகை என்றால் ஏற்றத்தில் நன்றாக இழுக்குமாம், பெற்றோலும் மிஞ்சுமாம். கண்டியில் ஏற்றத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

முதலாளி பொனட்டைத் திறந்து என்ஜின் மூடியில் இருந்த எழுத்தைக் காட்டினார். "இந்தா, எழுதியே ஈக்கி சேர்."

"எழுத்தை ஆரும் ஒட்டலாம்" என்றார் கணவர். குனிந்து தேடி, என்ஜினின் ஓரத்தில் பெருவிரல் அளவு சின்ன வால்வு ஒன்றைக் கண்டுபிடித்தார். எண்ணெயைத் திருப்பிவிட்டு நேரத்தை மாற்றுவது அதுதானாம்.

"அதான் இருக்கேங்க, போதாதா?"

"இருக்கு. வேலை செய்யுதோ? நீர் சும்மா இரும்."

அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தார். வால்வின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் திணறினால் சரி, திணறாவிட்டால் வெறும் எழுத்துத்தான். ஆனால் என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். பையிலிருந்து இரண்டு வயரை எடுத்து வால்வில் மாட்டி, மறுமுனைகளைப் பெட்டரிக்குப் பக்கத்தில் டேப்பால் ஒட்டினார். சூடாக்குவதற்கு ஒரு சுற்றுப் போய்வர முதலாளியிடம் சாவியை வாங்கினார்.

தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை இரண்டு, பொனட்டுக்குள் வயர் இரண்டு. அந்த நாளில் இப்படி றோட்டில் இறங்கியவர்கள் உலகத்திலேயே நாங்கள் இருவராகத்தான் இருப்போம். இரண்டு கட்டை தூரம் போகவில்லை, செக்பொயின்ட்.

"பொனட் எக்க அரின்ன" என்றான் ஒரு சிப்பாய். திறந்தோம். அவன் பின்னால் பாய்ந்த பாய்ச்சலில் தொப்பி விழுந்தது.

ஒப்பீசில் நன்றாகச் சிங்களம் பேசும் என் கணவர் அத்தனையையும் மறந்து, இங்கிலீசில் வால்வைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினார். நான்தான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். வயரைப் பெட்டரியில் தொட்டால் என்ன நடக்கும் என்று செக்பொயின்டுக்குப் பொறுப்பான சார்ஜன் கேட்டார்.

"தொட்டால்தான் தெரியும்" என்றார் கணவர்.

யோசிக்காமல் அதையும் நான் அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். நாலு துவக்குகள் எங்களை நோக்கி உயர்ந்தன. ஐயோ, இந்த மனுசனோடு சேர்ந்து எனக்கும் புத்தி மழுங்கிவிட்டதே!

முகாமுக்குக் கொண்டுபோக வண்டி வரச் சொன்னார்கள். முகாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. நான் சார்ஜனின் காலில் விழாத குறையாக அழுதேன். "மாத்தயா, அவரே தொட்டுக் காட்டட்டும். ஒன்றும் நடக்காது." சார்ஜன் நெடுநேரம் யோசித்தார். பிறகு றோட்டை இரண்டு பக்கமும் மறித்தார். பஸ்ஸிலிருந்தவர்களை இறக்கித் தூரத்துக்குத் துரத்தினார். என்னையும் இழுத்து மண்மூட்டைக்குப் பின்னால் உட்கார்த்தினார்கள். வெள்ளைக் காரோடு என் கணவர் மட்டும் தனியே நின்றார்.

என்ஜினை ஸ்டார்ட் செய்தார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. "இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்!" என்று கத்தினார்.

"தொட்டுத் தொலைங்க!" என்று நானும் கத்தினேன்.

தொட்டார். என்ஜின் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவர் இரண்டு கையையும் உயர்த்தி, "இருக்குதப்பா! வேலை செய்யுது!" என்று குதித்தார். சார்ஜன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பஸ்காரர்களும் சிரித்தார்கள். ஒரு சிப்பாய், தன் மச்சானின் வான் என்ஜினையும் இப்படிப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டான்.

என்னால் சிரிக்க முடியவில்லை. முதலில் காதிலிருந்து விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. மண்மூட்டைக்குப் பின்னால் சிப்பாய்களோடு சிப்பாயாக, தலையை முழங்காலில் புதைத்துக் காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன். நிமிர்ந்தபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒண்டும் நடக்காதெண்டு சார்ஜனுக்குச் சொன்ன நீரும் காதைப் பொத்தினீரோ?"

"சத்தம் வரும்னு நெனச்சேங்க."

"ஓம்" என்றார். கலகெதரயில் இறங்கியதும் பொனட்டைத் திறந்து, இரண்டு வயரையும் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.