தேவநேசன் சார் நிறுத்திய வரி

கே.ஜி.கண்டிகையில் ஒருவர் வயல் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மருமகள் நிர்மலா. "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். அதன் பிறகு அவள் அழுவது மட்டும்தான் கேட்டது. பெட்டியை அப்படியே மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். திருத்தணி வந்து சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் அப்பா தேவநேசன் சார் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. அதற்குள் கிளம்பிவிட்டார்.

நம் ஆலயத்தின் சபை மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி ஆயர் ஐயா கேட்டார். "நீங்க சம்பந்தி, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். சம்பந்தி என்பது சரி. தெரியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் நான். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். தேவநேசன் சாரின் விசுவாசத்தைப் பற்றி அப்படிச் சட்டென்று சொல்ல என்னால் இன்றுவரை முடியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா பொதட்டூர்பேட்டையிலிருந்து தறியை விட்டுவிட்டு வந்து ஞானஸ்நானம் பெற்றவர். நம் சபையில் நெசவு வீதிக் குடும்பங்கள் கொஞ்சம், காலனிக் குடும்பங்கள் அதிகம். நான் காலனி. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, நம் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

சபையில் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக் கொடுத்துவந்தவர் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நிறைய இருந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. ஒருவர் ஒரு வரி சொல்வார், சபை திருப்பிச் சொல்லும். இப்போது எல்லோருக்கும் படிக்கத் தெரியும் என்றாலும் யாரும் அதை மாற்றவில்லை. மாற்றாததற்குக் காரணம் அவருடைய குரல். காது மந்தமானவர்கள்கூட அவர் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். எனக்கும் அவர் குரலில்தான் அது மனப்பாடம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் நம் ஆலய வாசலைத் தாண்டித்தான் மலைக்குப் போகும். வாசலில் பானை வைத்துத் தண்ணீர் கொடுப்பது அவருடைய ஏற்பாடு. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து காவடி எடுத்து வந்த ஒரு அம்மாள் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நீங்க எந்த சாமிக்காரருங்க?" என்று கேட்டார். "நாங்க இயேசுவைக் கும்புடறவங்கம்மா. வெயில்ல வந்துகினு இருக்கீங்க, இன்னும் ஒரு சொம்பு குடிங்க" என்றார் இவர். அந்த அம்மாளும் குடித்துவிட்டு, நல்லா இருங்க என்று வாழ்த்திவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. கிறிஸ்துவை அறிக்கையிடுவது என்றால் இதுதான் என்று அன்று மாலை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மலைக்குப் போறவங்ககிட்ட சொல்றது சுலபம் மாசிலாமணி" என்றார். எது கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

என் மகன் ஸ்டீபனும் அவர் மகள் நிர்மலாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பாடகர் குழுவில் பழக்கம். இருவரும் ஒரே சபை, ஒரே ஞானஸ்நானம், இருவருக்கும் வேலை. ஒரு சனிக்கிழமை பழத்தட்டோடு சாரின் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனேன். நல்ல மரியாதை. நாற்காலி போட்டார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். டீ வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்குக் காகிதக் கப்பில். அலமாரியில் டம்ளர்கள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கவனித்தார், நான் கவனித்ததையும் கவனித்தார்.

"பையன் தங்கமான பையன். எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எங்க ஜனம் ஒத்துக்காதுப்பா" என்றார். எந்த ஜனம் சார், நாம் ஞாயிற்றுக்கிழமை நிற்கிறோமே அந்த ஜனமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆராதனையில் வழக்கம்போலப் பிரமாணத்தைத் தொடங்கினார். பிதாவைச் சொன்னார், குமாரனைச் சொன்னார், பரிசுத்த ஆவியைச் சொன்னார், பரிசுத்த சபையைச் சொன்னார். அடுத்து 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று, விசுவாசிகள் எல்லோரும் ஒன்று என்று அறிக்கையிடும் இடத்தில் நின்றுவிட்டார். சபை காத்திருந்தது. பிரஷர் வந்துவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். அவர் தண்ணீரை வாங்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீதியை ஆயர் முடித்தார்.

திங்கட்கிழமை பஸ் நிலையத்தருகே அவரைப் பிடித்தேன். "இன்னா சார் ஆச்சு நேத்து?"

"வாய் வரலப்பா. முந்தின நாள் உனக்குப் பேப்பர் கப்புல குடுத்துட்டு, மறுநாள் அந்த வரிய எப்படிச் சொல்றது? இயேசு என் கர்த்தர்னு நான் சொல்றேன். கர்த்தர்னா எஜமான். எஜமான் சொல்றதக் கேக்காம, எஜமான் எஜமான்னு கூப்புட்டுகினே இருந்தா, அது கேலி பண்றதுதான?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். இப்பவே வாங்க, உங்க வூட்ல டம்ளர்ல ஒரு டீ குடுங்க. முடிஞ்சுது."

அவர் தரையைப் பார்த்தார். "அது முடியலையேப்பா" என்றார்.

எனக்கு அங்கேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. தப்பு என்று தெரிகிறது, வருந்தவும் செய்கிறார், ஆனால் ஒரு டம்ளரை நீட்ட மாட்டார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. தெரியாமல் செய்கிறவரை மன்னித்துவிடலாம். தெரிந்து, அதற்காக வாயையும் மூடிக்கொண்டு, கதவையும் மூடி வைத்திருப்பவரை என்ன செய்வது?

பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு, நம் ஆலயத்திலேயே திருமணம் செய்துகொண்டார்கள். சார் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தன் மகளுக்காக ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டு விசும்பினார். விருந்துக்கு இலை போட்டதும் போய்விட்டார். அவருடைய அண்ணன் பெரியவர் ஆசீர்வாதம் வரவேயில்லை.

அதன் பிறகு அவர் பிரமாணத்தைச் சொல்லவில்லை, நற்கருணைக்கும் எழுந்து போகவில்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. எல்லோரும் சொல்லும்போது எழுந்து நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். பின்வாங்கிப் போய்விட்டார் என்று சிலர் பேசினார்கள். ஆயர் என்னை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார். "இருதயத்துல விசுவாசம் இருந்தா வாயால அறிக்கை பண்ணணும் இல்லீங்களா?"

"ஆங், பண்ணணும் ஐயா" என்றார் சார். "வாயால சொல்றது எனக்கு நல்லா வரும். அதான் பயமா இருக்கு."

ஆயர் என்னைப் பார்த்தார், நான் ஆயரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தேன். நான் வாரம் தவறாமல் சொல்கிறேன், ஒருநாளும் எந்த வரியிலும் நின்றதில்லை. அவர் சொல்லாததால் விசுவாசி இல்லை என்றால், தடங்கலில்லாமல் சொல்கிற நாங்களெல்லாம் யார்? இப்படி நினைத்தவுடனே, அலமாரியில் மின்னிய டம்ளர்கள் ஞாபகத்துக்கு வந்துவிடும். அவர்மீது வந்த மரியாதை போய்விடும். வருடக்கணக்கில் இப்படித்தான் ஊசலாடிக்கொண்டிருந்தேன்.

நிர்மலா அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவர் எங்கள் தெருமுனை வரை அவளைக் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரச் சொன்னால், "இன்னொரு நாள்" என்பார்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னை மட்டும் அருகில் கூப்பிட்டார். நம் கல்லறைத் தோட்டத்தில் சுவர் ஏதும் கிடையாது. நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் உண்டு. மேற்கே நெசவு வீதிக் குடும்பங்கள், கிழக்கே ரயில் பாதைப் பக்கம் காலனிக் குடும்பங்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் குழி வெட்டுகிறவர் முதலில் கேட்பதே "எந்தப் பக்கம்?" என்றுதான். சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாசிலாமணி, உங்க பக்கம் எனக்கு ஒரு எடம் குடுப்பியா?"

எனக்குச் சுரீர் என்றது. உயிரோடு இருக்கும்போது என் வீட்டுப் படியேறாத மனிதர், செத்த பிறகு என் ஜனத்தோடு படுக்க வேண்டுமாம். அப்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டாம். இது அறிக்கையா, தப்பித்துக்கொள்வதா? "யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "யோசி. எனக்கு இது ஒண்ணுதான் முடியும்போலக் கீது" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அடக்கத்தன்று காலையிலேயே பெரியவர் ஆசீர்வாதம், தம்பிக்கு மேற்குப் பக்கத்தில் குழி வெட்ட ஆள் அனுப்பிவிட்டார். நிர்மலா எழுந்து நின்றாள். "அப்பா அந்தப் பக்கம் வேணாம்னு என்கிட்டயும் சொன்னாரு. மாமாகிட்ட எடம் கேட்டுக்கினாரு" என்றாள். பெரியவர், "பெரியப்பா இருக்கும்போது மாமன் யாரும்மா?" என்றார். ஆயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும் மாசிலாமணி. உண்மையா கேட்டாரா? நீங்க இன்னா சொன்னீங்க?"

நான் பதில் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிர்மலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டாருங்க. என் நைனா கல்லறைக்குப் பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் வெச்சிருக்கேன். அங்க வெட்டச் சொல்லுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மன்னிப்பு என்று எழுதிவிட்டுப் போகலாம், மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் பெரியவரின் முகம் கறுத்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். அதே நேரத்தில், செத்துக் கிடந்த சாரின் முகத்தைப் பார்த்து, இந்த மனுஷனை இனி ஒரு நிமிஷமும் தனியாக விடக்கூடாது என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

கிழக்குப் பக்கம் அடக்கம் நடந்தது. எங்கள் காலனிப் பெரியவர்கள் சிலரும் முணுமுணுத்தார்கள், ஆனாலும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். நெசவு வீதிக்காரர்கள் பாதைவரை வந்து நின்றுவிட்டார்கள். மண் போடும் நேரம் வந்தது. அவர்கள் கையில் மண்ணை அள்ளி வைத்திருந்தார்கள், எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். பெரியவர் ஆசீர்வாதத்தின் விரலிடுக்கிலிருந்து மண் சிந்திக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவர் அல்லவா? திடீரென்று அவர் பாதையைத் தாண்டிக் காலை வைத்தார். கல்லறைகள் நெருக்கமாக இருக்கும் இடம், அவருக்குக் கண்பார்வையும் குறைவு. நான் போய்க் கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை. குழிவரை கூட்டிப்போனேன். மண்ணைப் போட்டார். "டேய் நேசா" என்று ஒரு சத்தம் மட்டும் அவரிடமிருந்து வந்தது.

பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். அடக்கம் முடிந்தால் எல்லோரும் கழுவுவதுதான். ஆனால் அவர் வெகுநேரம் கழுவினார். மண்ணுக்காகவா, என் கைக்காகவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நகர்ந்ததும் நானும் கழுவினேன். ஈரக் கையோடு நிமிர்ந்தபோது அவர் போகாமல் அங்கேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதை அவர் மறுபடி தோளில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நடந்து போனார்.

தேவநேசன் சார், அந்தத் துண்டை உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் என்ன செய்தாரோ எனக்குத் தெரியாது. உங்களைப் பற்றியும் எனக்குப் பாதிதான் தெரியும். என் இடத்தை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன், எனக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், அது கிடக்கட்டும். என் நைனா கோபக்காரர், என்னைவிடக் கோபக்காரர். ஆனால் வந்தவரை எழுந்து போகச் சொல்ல மாட்டார். தூங்குங்கள் சார்.