மாத்திரை அக்காவும் அந்நியரின் கிருமிகளும்

தெருவுக்கே அவள் மாத்திரை அக்கா. மருந்துக்கடையில் நின்றே நரை கண்டவள். கடைக்காரர்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு: தொண்டை லேசாகக் கரகரத்தால் போதும், ஓர் ஆன்டிபயாட்டிக்கை அட்டையிலிருந்து கிழித்து வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். டாக்டராவது, சீட்டாவது!

நுரையீரலில் கட்டி வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிப் புற்றுநோயோடு மோதவிடும் மருந்தை டிரிப்பில் ஏற்றிக்கொண்டிருந்த நாட்களிலும் இருமல் வந்தது; அட்டையும் கிழிந்தது. அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்க இந்த மருந்துக்குக் கை கொடுக்குதுன்னு ஆராய்ச்சியில தெரியுது. கெட்டதோட சேர்த்து அதையும் நீங்க கொன்னிருக்கலாம்மா."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகத் தன் மேலேயே கோபம் வந்தது.

"செத்தது செத்துப்போச்சு. புதுசா குடிவைக்க வழி இருக்கா, அதைச் சொல்லுங்க."

இருந்தது, சோதனை முயற்சியாக. இதே மருந்தால் குணமான ஒருவரின் மலத்திலிருந்து கிருமிகளைப் பிரித்து, காப்ஸ்யூலில் அடைத்துத் தருவார்கள். பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

வீடு அமர்க்களப்பட்டது. நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கருமம், கருமம்! நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க அண்ணி?"

"அந்த நாலு பேரையும் எனக்குப் பதிலா டிரிப் ஏத்திக்கச் சொல்லு, நான் விட்டுடறேன்."

வீட்டுக்காரர் மென்று விழுங்கினார். "யாரோடதுன்னே தெரியாதேம்மா..."

"தெரிஞ்சவங்களோடதுன்னா மட்டும் இனிக்குமா? ஏங்க, நான் சாகறது உங்களுக்கு அருவருப்பா இல்லையா?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, அவளுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது அவர்தான்.

காப்ஸ்யூல்களை விழுங்கும்போது குமட்டியது. அவள் விடுவாளா? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். கடையிலும் அதை மறைக்கவில்லை. முகம் சுளித்தவர்களிடம், "உங்க வயித்துல மட்டும் பூவா பூத்திருக்கு?" என்று கேட்டாள். டிரிப் தொடர்ந்தது.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனை டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"கட்டி பாதியா சுருங்கியிருக்கும்மா. ஆனா அந்தக் கிருமியாலயா, மருந்து மட்டுமே செஞ்சதான்னு எங்களால அடிச்சுச் சொல்ல முடியாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது உங்க வழக்கு, நிதானமா பேசித் தீர்த்துக்குங்க. மீதிப் பாதியை எப்போ விரட்டப் போறோம்?"