சிவப்பு அம்பும் இடது குதிகாலும்

காலை ஐந்தரைக்குக் கட்டிலை விட்டு இறங்கும்போது இன்பராஜ் முதலில் வலது காலைத்தான் ஊன்றுவார். இடது கால் அந்தரத்தில் நிற்கும். ஒரு கையால் பீரோவைப் பிடித்து, கண்ணை இறுக மூடி, இடது குதிகாலை மெல்லத் தரையில் வைப்பார். "ஏசப்பா!" காலண்டரில் இருக்கும் ஏசப்பா பதினொரு மாதமாக இதைத் தினமும் கேட்கிறார். அப்புறம் பத்தடி நுனிக்காலில் நடை. குளியலறை வாசலுக்குப் போவதற்குள் வலி கொஞ்சம் அடங்கும். நாளெல்லாம் நின்றுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும்போது, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர்தான் 'ஃபைனல்'. லைன் முழுக்கக் கடந்து வரும் ஷூ கடைசியாக அவர் கைக்கு வரும். கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஒரு திருப்பு, ஒரு பார்வை. சரியென்றால் பெட்டிக்குப் போகும். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அவர் ஒட்டிய அம்பை எடுக்க அந்தத் தொழிற்சாலையில் ஆள் கிடையாது. "மூணு செகண்ட் பாத்தா போதும்பா. அதுக்கு மேல பாத்தா கண்ணு பொய் சொல்லும்" என்பார். இருபத்தாறு வருஷமாகக் கடல் கடந்த ஊர்க்காரர்களின் குதிகால் நோகாமல் பார்த்துக்கொண்ட மனிதர் இவர். சொந்தக் குதிகாலுக்குத்தான் நாதியில்லை.

வேலை எட்டு மணி நேரமும் சிமெண்டுத் தரையில் நின்றபடி. காலில் பளபளவென்று கறுப்புத் தோல் ஷூ, கல் மாதிரி அடிப்பாகம். "தோல்ல பொழைக்கிறவன் தோலுதான் போடணும்."

வைத்தியத்துக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு சுகரா பேகம் செங்கல்லைச் சூடுபண்ணி, மேலே எருக்கிலை போட்டு மிதிக்கச் சொன்னார். மிதித்தார். நான்காம் நாள் செங்கல் வாசலுக்குப் போயிற்று. "மூணு நாள் பாத்தேன். கேக்கல. ரிஜெக்ட்." ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருக்கும் மச்சான், தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கிக் காலடியில் உருட்டச் சொன்னார். அதற்கும் மூன்று நாள். யாரோ ஊசி என்றதும் இவருக்கு வேர்த்துவிட்டது. "குதிகால்ல ஊசியா? என்னை இன்னா ஷூன்னு நெனச்சானா தைக்கறதுக்கு?"

ஆறு மாதத்துக்கு முன் மனைவி பிரிசில்லாதான் பிடித்து இழுக்காத குறையாக பிசியோதெரபி பார்க்கும் பூர்ணிமாவிடம் கூட்டிப் போனாள். அந்தப் பெண் பொறுமையாகவே சொன்னாள். "ஆபரேஷன்லாம் வேணாம் சார். காலைல எறங்கறதுக்கு முன்னாடி பாதத்துல துண்டைப் போட்டு உங்க பக்கமா இழுத்துப் புடிங்க. செவுத்துல கைய ஊனி கெண்டைக்கால நல்லா நீட்டுங்க. வீட்லயும் வெறுங்கால் வேணாம், மெத்துன்னு செருப்புப் போடுங்க. பெரும்பாலானவங்களுக்கு இதுலயே சரியாயிடும். ஆனா மூணு மாசம் விடாம செய்யணும்."

"மூணு மாசமா!" என்றார் இன்பராஜ். அதற்குள் ஒரு கப்பலே போய்ச் சேர்ந்துவிடுமே!

வாங்கி வந்த ரப்பர் செருப்பைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். "பசை ஜாஸ்தி, ஃபினிஷ் கம்மி." வாரில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி மூலையில் வீசினார். துண்டும் மூன்றே நாள்தான். "காலால தேரா இழுக்கறேன் நானு?"

வீசிய செருப்பை பிரிசில்லா எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒன்பதாம் நம்பர் செருப்பு அவள் காலில் வீடெல்லாம் டப் டப் என்று அடிக்கும். "பேஜாரு பண்ணாதடி" என்று கத்துவார். ரிஜெக்ட் சரக்கை வீணாக்க மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவளும் அதே தொழிற்சாலைதான். அவர் மேசையிலிருந்து இருபதடி தள்ளி, பேக்கிங்கில் நிற்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மேனேஜர் நயீம் அகமது அவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். உடனே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "உக்காந்து பாருங்கண்ணே. மூணு மாசத்துல சரக்கு வாங்கற ஃபாரின் பையர் வர்றாங்க, அவங்களோட நீங்க லைன் பூரா நடக்கணும். அதுக்குள்ள கால சரி பண்ணுங்க. இல்லன்னா லைன்ல இருக்கற அந்தப் பையன் ஜீவாவைத்தான் ஃபைனல்ல போடணும்."

இன்பராஜ் நாற்காலியையே பார்த்தார். அடுத்த லைனில் முன்பு ஃபைனல் பார்த்த காசிக்கும் இப்படித்தான் முதலில் நாற்காலி வந்தது. இப்போது காசி ஒரு மூலையில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருக்கிறார். இன்பராஜ் அன்றைக்கு முழுக்க உட்காரவில்லை. நாற்காலியில் ரிஜெக்ட் ஷூக்களை அடுக்கிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மனைவி மேல் இறங்கியது. "உனக்கின்னா! தலைவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

அரிசி களைந்துகொண்டிருந்த பிரிசில்லா திரும்பவேயில்லை. "எனக்கு வரலன்னு யாரு சொன்னா? உங்களுக்கு முன்னாடியே வந்துச்சி. ரெண்டு காலும்."

"இன்னாடி சொல்ற?"

"அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொன்னத நான் செஞ்சேன். துண்டு, செவுரு, உங்க செருப்பு. மொத மாசம் ஒண்ணும் தெரியல. மூணாவது மாசம் போய்டுச்சி."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா அதுக்கும் ஒரு அம்பு ஒட்டுவீங்க."

இன்பராஜ் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார். கையெட்டும் தூரத்தில் ஓர் ஊசித்துளை தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. இருபதடியில் பெண்டாட்டி ஒரு வருஷம் நொண்டியதைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை கட்டிலோரமாக அந்தச் செருப்பு இருந்தது. "எனக்கு என் அளவுல வாங்கிக்கினேன். அது எனக்குத் தோணி மாதிரி கீது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவர் இறங்குமுன் தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து இடது பாதத்தில் மாட்டி இழுத்தார். மூன்று எண்ணியதும் கை தானாகத் தளர்ந்தது. மறுபடி இறுக்கினார். முப்பது வரை எண்ணினார்.

வாரில் அந்த அம்பு இன்னும் ஒட்டியிருந்தது, ஓரம் கறுத்து. நகத்தால் நெம்பி உரித்தார். எங்கே போடுவதென்று சுற்றுமுற்றும் பார்த்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு டப் டப் என்று வாசல்வரை போனார். அலமாரியில் பாலிஷ் போட்டு வைத்திருந்த கறுப்புத் தோல் ஷூவை எடுத்துத் திருப்பினார். அதன் குதிகாலில் அம்பை வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார்.