ரிகா டிராமும் என் ஹோல்டானும்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.10. ஃப்ரீமான்ட்டில் தூறல், ஐம்பத்து நான்கு டிகிரி ஃபாரன்ஹீட். நான் தனியாக பஸ் ஏறினேன்.

பதினொன்றுக்கு நூலகத்தில் வாசகர் கூட்டம். லாட்வியக் கதைகளில் நகரப் போக்குவரத்து பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும். ஆங்கிலத்தில் படித்த பதினான்கு கதைகளில் ஒன்பதில் ரிகா நகரத்து டிராம் வருகிறது. முதலில் அதைக் குதிரை இழுக்கிறது. எஜமானி உள்ளே, வேலைக்காரி நடந்து. பிறகு மின்சாரம் வந்து இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது. அப்புறம் கண்டக்டர் போய், டிக்கெட்டில் துளையிடும் பெட்டி வருகிறது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. சமூகம் நவீனமான கதை இவ்வளவுதான் என்பது என் கட்சி.

பேச்சைவிடப் பயணம்தான் கவலை. போன மாதம் நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு மைல் நடந்தேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பஸ்ஸே வேண்டாம் மாமா" என்று மருமகள் சொல்லியிருந்தாள். அதனால் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். நூலகம் பதினேழாவது.

பதினாறு தாண்டியது. ஜன்னலோரம் மஞ்சள் கயிற்றை இழுத்தால் வண்டி நிற்கும்; தெரியும். மனம்தான் கண்டக்டர் இல்லாத டிராமில் இருந்தது. எழுந்து, சென்னையில் நாற்பது வருடம் கேட்ட சொல்லைக் கத்தினேன்.

"ஹோல்டான்!"

அங்கே அதற்கு வண்டியை நிறுத்து என்று பொருள். இங்கே, கெட்டியாகப் பிடித்துக்கொள். ஆறு பேர் பதறிக் கம்பியைப் பிடித்தார்கள். பக்கத்து அம்மாள் என் கையையும் சேர்த்துப் பிடித்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "யூ ஓகே, சார்?" என்றார். ஓகே என்றேன். நூலகம் பின்னால் போயிற்று.

அடுத்த நிறுத்தம் ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மைல். நனைந்து திரும்பியபோது 11.25. என் பத்து நிமிடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்; மருமகளுக்கும் போன் செய்திருந்தார்கள். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"எத்தனை ஸ்டாப் தள்ளி எறங்கினீங்க மாமா?"

"ஒண்ணுதாம்மா."

"ஒண்ணோ பத்தோ. மீட்டிங்ல இருந்து எழுந்து வந்து பேசறேன். கார் புக் பண்ணிட்டேன், வாசல்லயே நில்லுங்க."

"நான் சத்தமாத்தாம்மா ஹோல்டான் சொன்னேன்."

"யார்கிட்ட மாமா?" என்றாள்.

பின்சீட்டில் நான் ஒருவன். ஓட்டியவர் வீடுவரை வாய் திறக்கவில்லை. சாயங்காலம் பஸ் கார்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன். பஸ்ஸுக்கு ஒன்றே கால், காருக்குப் பதினான்கு அறுபது. ஆகப் பதினைந்து டாலர் எண்பத்தைந்து சென்ட்.